குதிரைக்கு வயிற்றுக் குத்து வந்தால்: கொழும்பில் புதிதாகக் குதிரை பார்ப்பவர்களுக்கு

“தம்பி, இவ விடியக்காலையில இருந்து ரெண்டு தடவதான் லத்தி போட்டிருக்கா.”

எங்கள் லாயத்தில் குதிரைகளைப் பார்க்கும் ஐயா இதைச் சொன்னபோது பிற்பகல் மூன்று மணி. பெட்டைக் குதிரையின் நிற்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. புல்லைக் கொறித்துக்கொண்டுதான் நின்றாள். ராகலைத் தோட்டமொன்றில் பிறந்து, சிறுவயதிலேயே நுவரெலியாக் குதிரைகளோடு பழகிய அந்த மனிதர் லத்தியை எண்ணிக்கொண்டிருந்தார். நான் குதிரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு அவள் படுத்தாள். ஆறு மணிக்கு மிருக வைத்தியர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டார். பெருங்குடலில் அடைப்பு. மறுநாள் மாலை லத்தி வந்தது, அவள் பிழைத்தாள். மூன்று மணிக்கே தொலைபேசி எடுத்ததால்தான் ஆறு மணிக்கு வைத்தியர் வந்து சேர்ந்தார். கொழும்பின் மாலை நேர வீதிகளைத் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

இதை எழுதுவது லாயத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிமாருக்காகவும், பிள்ளையின் ஆசைக்காக ஒரு மட்டக்குதிரையை வாங்கிவிட்ட குடும்பங்களுக்காகவும். ரீட் அவெனியூத் திடலில் பந்தயக் குதிரைகள் ஓடிய காலம் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. நாய், பூனை பார்க்கும் வைத்தியர்கள் கொழும்பில் தாராளமாகக் கிடைப்பார்கள். குதிரையின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்துப் பழகியவர்கள் மிகச் சிலர். பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது; ஆனால் கண்டி வீதியில் நூறு கிலோமீட்டருக்கு மேல், கடைசியில் கடுகண்ணாவை ஏற்றம். ஆகவே வைத்தியர் வந்து சேரும்வரையான நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் அந்த வயிற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

குதிரைக்கு வரும் வயிற்று வலியை வைத்தியர்கள் கொலிக் என்பார்கள். பழைய தமிழில் சூலை. அப்பரைத் துடிக்க வைத்ததும் அதுதான். எந்தப் பெயரில் சொன்னாலும் காய்ச்சலைப்போல அது ஓர் அறிகுறி மட்டுமே. உள்ளே வெறும் வாயு இருக்கலாம், காய்ந்த தீனி இறுகி அடைத்திருக்கலாம், மணல் சேர்ந்திருக்கலாம், குடல் இடம் மாறியிருக்கலாம் அல்லது முறுக்கிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலானவை எளிய சிகிச்சையில் தீர்ந்துவிடும். ஆனால் எது தீரும், எது கொல்லும் என்று ஆரம்பத்தில் வெளியே நின்று சொல்ல யாராலும் முடியாது.

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்கள் ஒன்றை மறக்க வேண்டும்: குதிரை அசைபோடாது. அதன் இரைப்பை உடம்பின் அளவுக்குப் பொருந்தாத அளவு சிறியது, சுமார் 8 முதல் 15 லீற்றர். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்த வயிறு அது. இரைப்பை அமிலம் ஓயாமல் சுரக்கும்; அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். எனவே நீண்ட நேரம் வெறும் வாயோடு நிற்கும் குதிரைக்கு இரைப்பைப் புண் வரும். இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயிலில் உள்ள தசைவளையம் அவ்வளவு இறுக்கம். கீழே வழி அடைத்தால் நீரும் வாயுவும் மேலே தேங்கி, கடைசியில் இரைப்பையே வெடித்துவிடலாம்.

அடுத்து 20 மீட்டருக்கு மேல் நீளமான சிறுகுடல். அதன்பின் குருட்டுக்குடலும் பெருங்குடலும். இவைதான் உண்மையான அடுப்பு. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரை இங்கே நொதிக்க வைக்கின்றன. பெருங்குடல் 3 முதல் 4 மீட்டர் நீளம், இரண்டாக மடிந்து கிடக்கும். அதன் பெரும்பகுதி உடற்சுவரோடு ஒட்டியிருப்பதில்லை. வாயு ஏறினால் பலூன்போல மிதந்து இடம் மாறுவதும் முறுக்கிக்கொள்வதும் அதனால்தான். இடுப்புக்கு அருகே, இடப்பக்கத்தில், அந்தக் குடல் கொண்டையூசி வளைவாகத் திரும்பி ஒடுங்கும். தண்ணீர் குறைந்த உடம்பில் தீனி வந்து நின்றுவிடும் இடம் பெரும்பாலும் அதுதான். எங்கள் பெட்டைக் குதிரைக்கும் அங்கேதான்.

நோய் வருமுன்பே எழுதி வைக்க வேண்டியது

புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, நோய் வந்தால் எப்படித் தெரியும் என்பது. சுகமாக இருக்கும்போது உங்கள் குதிரை எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்தப் பகுதியில் உள்ளதை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

லாயத்துக் கதவில் ஒரு பலகையைத் தொங்கவிடுங்கள், வெண்கட்டி போதும். ஒரு வாரம், விடியற்காலையில், குதிரை ஓய்வாக நிற்கும்போது பின்வருவனவற்றைக் குறியுங்கள். நடுப்பகலில் வேண்டாம், கொழும்பு வெயிலில் நிற்கும் குதிரையின் மூச்சு இயல்பாகவே கூடும், கணக்குக் குழம்பிவிடும்.

இதயத் துடிப்பு: இடது முன்னங்காலின் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். பாமசியில் விற்கும் சாதாரணமானதே போதும். லப்-டப் என்ற இரண்டு ஒலியும் சேர்ந்து ஒரு துடிப்பு. புதியவர்கள் பலர் இரண்டாக எண்ணிப் பயந்துபோகிறார்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. மட்டக்குதிரைக்குச் சற்றுக் கூடலாம், குட்டிகளுக்கு மிகவும் கூடும்.

மூச்சு: விலாவின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். 8 முதல் 16. வெப்பநிலை: குதவழியாக வெப்பமானி வைத்து, 37.2 முதல் 38.3 பாகை செல்சியஸ். வெப்பமானியின் முனையில் நூல் கட்டி அதை வாலில் கவ்வியால் பிணைத்துவிடுங்கள், உள்ளே போய்விடாது. நேர் பின்னால் நிற்க வேண்டாம், பக்கவாட்டில் ஒட்டி நில்லுங்கள்.

முரசு (பல் ஈறு): மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுக்கும். எடுத்ததும் இரண்டு வினாடிக்குள் இரத்தம் திரும்ப வேண்டும்.

குடல் ஒலி: இடது விலாவின் மேலும் கீழும், வலது விலாவின் மேலும் கீழும் என நான்கு இடங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு நிமிடம் பொறுமையாகக் கேளுங்கள். ஸ்டெதஸ்கோப் இல்லாவிட்டால் காதை வைத்தே கேட்கலாம். சளசளப்பும் உருளலும் மாறி மாறிக் கேட்கும். வலது மேல் பக்கத்தில் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை, குழாயில் தண்ணீர் இறங்குவதுபோல ஒரு நீண்ட ஓசை வரும். முதல் நாள் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு வாரம் கேட்டபின் எங்கள் ஒவ்வொரு குதிரையின் வயிற்றுக்கும் தனித்தனிக் குரல் இருப்பது தெரிந்தது.

கடைசியாக ஐயாவின் கணக்கு: லத்தி. நாளுக்கு 8 முதல் 12 தடவை, நிலத்தில் விழுந்தால் உடைகிற ஈர உருண்டைகளாக. எண்ணிக்கையோடு தோற்றத்தையும் எழுதுங்கள்: சிறுத்துக் காய்ந்து, மேலே சளி பூசி வந்தால், அது குடலுக்குள் அதிக நேரம் நின்றிருக்கிறது. தண்ணீர் எத்தனை வாளி போனது என்பதும் பலகையில் வரட்டும். 500 கிலோ குதிரை நாளுக்கு 25 லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும். கொழும்புச் சூட்டில் வேலை செய்தால் 50 லீற்றரும் போகும். தானாக நிரம்பும் தொட்டி வசதிதான், ஆனால் குதிரை குடித்ததா இல்லையா என்பதை அது மறைத்துவிடும். நான் வாளியின் பக்கம்.

அடையாளங்கள்

நிலத்தில் புரண்டு உருளும் குதிரையைப் பார்த்தால் யாருக்கும் புரியும். அதற்கு முன்பு வரும் சிறிய அடையாளங்களைப் பிடிப்பதுதான் பழக்கம்.

தீனியில் மனமில்லாமல் நிற்பது. முன்னங்காலால் நிலத்தைப் பறண்டுவது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, பின்னங்காலால் வயிற்றை உதைப்பது. மேலுதட்டைச் சுருட்டி வானத்தை நோக்குவது; ஆண் குதிரை பெட்டையின் வாசனைக்கு இப்படிச் செய்யும், ஆனால் காரணமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்தால் அது வலி. சிறுநீர் கழிப்பதுபோல உடம்பை நீட்டி நின்று ஒன்றும் கழிக்காமல் விடுவது. படுப்பது, எழுவது, மறுபடி படுப்பது. காற்றோட்டமான நிழலில் நின்றும் கழுத்திலும் விலாவிலும் திட்டுத்திட்டாக வியர்ப்பது.

ஒரு நிலையைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். மணிக்கணக்கில் துடித்த குதிரை திடீரென்று அமைதியாகிவிடும். “அப்பாடா, விட்டுட்டுது” என்று வீட்டார் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். துடிப்பை எண்ணிப் பாருங்கள். அது இறங்கி, முரசும் நல்ல நிறத்தில் இருந்தால் நிம்மதிதான். துடிப்பு கூடிக்கொண்டே போய், உடம்பு குளிர்ந்த வியர்வையில் நனைந்து, கண் மங்கி நின்றால், குடலின் ஒரு பகுதி செத்திருக்கலாம் அல்லது இரைப்பை கிழிந்திருக்கலாம். அந்த அமைதி மிக மோசமான அடையாளம்.

முதல் ஒரு மணித்தியாலம்

சந்தேகம் வந்த கணமே தீனியை எடுத்துவிடுங்கள். புல், தவிடு, கீழே விரித்த வைக்கோல், எல்லாவற்றையும். வைக்கோல் படுக்கையில் நிற்கும் குதிரை, வலி கொஞ்சம் குறைந்ததும் படுக்கையையே தின்னத் தொடங்கும். மரத்தூள் விரித்த இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரை எடுக்க வேண்டாம். மூக்கு வழியே தீனி நீர் வந்தால் மட்டும் அதையும் எடுங்கள்.

பிறகு நேரத்தைக் குறியுங்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பலகையில்: முதல் அடையாளம் கண்டது இத்தனை மணிக்கு. துடிப்பு, மூச்சு, வெப்பநிலை, முரசு நிறம், நான்கு இடத்துக் குடல் ஒலி. இதற்கு ஐந்து நிமிடம் போதும். குதிரை முரட்டுத்தனமாகப் புரண்டால் உள்ளே போகாதீர்கள். வலியில் இருக்கும் 400 கிலோ உடம்புக்கு நீங்கள் யாரென்று தெரியாது. அந்த நிலையில் எண்ணிக்கையைவிட உங்கள் விலா எலும்பு பெரிது.

உடனே மிருக வைத்தியருக்கு எடுங்கள். வெளிநாட்டுக் கையேடுகள் சில, லேசான வலியென்றால் அரை மணி நேரம் பார்த்துவிட்டு அழைக்கச் சொல்கின்றன. பக்கத்து ஊரில் குதிரை வைத்தியசாலை இருப்பவர்களுக்கு அது சரி. நமக்குச் சரிவராது. அழைத்தபின் சுகமாகிவிட்டால், வர வேண்டாம் என்று சொல்ல இன்னொரு அழைப்புப் போதும்.

“டொக்டர், குதிரைக்குச் சுகமில்லை, கெதியா வாங்கோ” என்று மட்டும் சொல்லாதீர்கள். வயது, ஆணா பெட்டையா, சினையா, கடைசி லத்தி எப்போது, எப்படி இருந்தது, தண்ணீர் குடித்ததா, இந்த இரண்டு வாரத்தில் தீனியில் என்ன மாறியது, பூச்சி மருந்து எப்போது கொடுத்தது, இதுவரை யாராவது ஏதாவது மருந்து கொடுத்தார்களா. கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள், வெட்கமாக இருந்தாலும். பிறகு எண்கள். துடிப்பு 60-ஐத் தாண்டி இறங்காமல் நிற்கிறது, முரசு கடுஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறியிருக்கிறது, எந்தப் பக்கத்திலும் ஒலியே இல்லை, வயிறு உப்பி வருகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முரசையும் லத்தியையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

நடத்துவதா வேண்டாமா? கயிற்றில் பிடித்து 10, 15 நிமிடம் மெதுவாக நடத்தினால் லேசான வாயுக் குத்து இளகுவதுண்டு. அதோடு நிறுத்துங்கள். புரண்டால் குடல் முறுக்கிவிடும் என்ற பயத்தில் விடியவிடிய நடத்திக் குதிரையைச் சோரவைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். பல வேளைகளில் குடல் முறுக்கியதால்தான் அது புரள்கிறது. அமைதியாக நிற்கிறதா, நிற்கட்டும். அமைதியாகப் படுத்திருக்கிறதா, படுக்கட்டும். சுவரில் அடிபடும் அளவு புரண்டால் மட்டும், பாதுகாப்பாக முடிந்தால், திறந்த வெளிக்குக் கூட்டிப் போங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பை எண்ணி எழுதிக்கொண்டே இருங்கள். வைத்தியருக்கு ஒரு தனி எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் அதிகம் சொல்லும்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள்

நகருக்கு வெளியே ஓரிடத்தில் நடந்தது. குதிரைக்கு வயிற்றுக் குத்து. அனுபவசாலி ஒருவர் வந்து இஞ்சி, உள்ளி, பெருங்காயம் இடித்து நல்லெண்ணெயில் கலந்தார். குதிரையின் தலையைக் கயிற்றால் உத்தரத்தோடு உயர்த்திக் கட்டி, போத்தலால் வாயில் ஊற்றினார்கள். குதிரை இருமியது. “உள்ள போகுது, இறங்குது” என்றார்கள். மறுநாள் குடல் தானாகவே இளகி லத்தி வந்தது. மருந்து வேலை செய்துவிட்டதாக எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான்காம் நாள் குதிரை நெஞ்சுச் சளியில் மூச்சு முட்டிச் செத்தது. எண்ணெய் போனது நுரையீரலுக்கு. அதைச் செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. அந்தக் குதிரையை உயிராக நேசித்தவர்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தலையை உயர்த்திப் பிடித்தால் குதிரையால் ஒழுங்காக விழுங்க முடியாது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கும்போது இருமல்கூடச் சிலவேளை வராது. எண்ணெயோ உப்புநீரோ கொடுக்க வேண்டுமென்றால், அது மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயில், அந்தக் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதென்று உறுதி செய்யத் தெரிந்தவர் கையால் மட்டுமே. சோடா, பியர், கிறைப் வோட்டர், எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

வலி ஊசியும் அப்படியே. புளூனிக்சின் நல்ல மருந்து. ஆனால் வைத்தியர் பார்க்குமுன் போட்டால், அறுவைச் சிகிச்சை தேவையான வலியைக்கூட சில மணி நேரம் மூடி மறைத்துவிடும். அதைத் தசையில் குத்துவது இன்னும் ஆபத்து. அந்த இடத்தில் கிருமி பெருகி, தசை அழுகிக் குதிரை சாகக்கூடும். மனிதருக்கான வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். குதத்தில் கையோ குழாயோ விடுவதும் உங்கள் வேலையல்ல. குடற்சுவர் ஈரத் துணிபோலக் கிழியும்.

வைத்தியர் வந்தபின்

அவர் முதலில் கேட்பது உங்கள் பலகையை. பிறகு மயக்க மருந்து கொடுத்து, மூக்குக் குழாய் விடுவார். இரைப்பையிலிருந்து இரண்டு லீற்றருக்கு மேல் நீர் திரும்பி வந்தால் சிறுகுடலில் தடை இருக்கிறதென்று நினைப்பார். அந்தக் குழாய் அப்போது குதிரையின் உயிரையே காக்கிறது. தோள்வரை கையுறை போட்டுக் குதவழியாகப் பெருங்குடலைத் தடவி, அடைப்பா, உப்பலா, இடமாற்றமா என்று பார்ப்பார். சாதாரண அடைப்பென்றால் வலி மருந்தும், குழாய் வழியே நிறையத் தண்ணீரும், அதோடு எப்சம் உப்போ பரபின் எண்ணெயோ. பெரும்பாலும் ஓரிரு நாளில் இளகும். வலி மருந்து போட்டும் ஒரு மணி நேரத்தில் வலி திரும்புகிறதென்றால் அவர் முகம் மாறும்.

அப்போது அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். நடு இரவில், லாயத்து வாசலில் நின்று அந்த முடிவை எடுக்காதீர்கள். சுகமான ஒரு நாளில் உங்கள் வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்: இங்கே எங்கே, யாரால், எந்த அளவுக்குச் செய்ய முடியும்; லொறிக்கு யாரை அழைப்பது; செலவு என்ன; முடியாதென்றால் வேதனையில்லாமல் முடித்துவைக்க அவர் வருவாரா. கடைசிக் கேள்வி கேட்பதற்குக் கடினம். குடல் முறுக்கிய குதிரை விடியும்வரை கிடந்து துடிப்பதை ஒருமுறை கண்டவர்கள் அதைக் கேட்கத் தயங்க மாட்டார்கள்.

கொழும்பில் இது ஏன் வருகிறது

மணலில் தொடங்குகிறேன். கறுவாத்தோட்டத்துக்கு அந்தப் பெயர் வந்ததே, கறுவா செழிக்கும் வெள்ளை மணல் நிலம் இங்கே இருந்ததால்தான். கல்கிசையிலிருந்து நீர்கொழும்பு வரை கரையோரம் முழுக்க அதே மணல். புல் குட்டையாகிப்போன அடைப்பில் மேயும் குதிரை, வேரோடு மணலையும் சேர்த்துத் தின்னும். அது பெருங்குடலின் அடியில் படிந்து, கடைசியில் அடைக்கும். சோதிப்பது எளிது: நிலத்தில் படாத உருண்டையின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி லத்தியைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். பத்து நிமிடத்தில் அடியில் மணல் படிந்தால் தீனி கொடுக்கும் இடத்தை மாற்ற வேண்டும். மணல் தெரியாவிட்டால் உள்ளே இல்லையென்று அர்த்தமல்ல, குடலிலேயே தங்கியிருக்கலாம். புல்லைத் தரையில் போடாமல் ரப்பர் விரிப்பிலோ தாழ்வான தொட்டியிலோ போடுங்கள். இசப்கோல் உமி கொடுப்பது வழக்கம். அளவையும் நாட்களையும் வைத்தியர் சொல்லட்டும். எத்தனை இசப்கோல் கொடுத்தாலும் மணலில் புல் போடுவதை நிறுத்தாவிட்டால் பயனில்லை.

அடுத்து மழை. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கினிப் புல் ஒரே வாரத்தில் துளிர்த்து நிற்கும். பிரேசிலின் அமேசன் பகுதியில், மழைக்காலத்தில் துளிர்க்கும் இதே இனப் புல்லை மேய்ந்த குதிரைகளுக்கு வயிறு உப்பிச் சூலை வந்ததை மிருக வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இங்கே நான் செய்வது, மழை தொடங்கிய முதல் இரண்டு வாரம் இளம்புல்லை முற்றிய புல்லோடு கலந்து கொடுப்பது. வெட்டிய ஈரப் புல்லைக் கோணியில் திணித்து ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கியதும் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அது ஏற்கெனவே நொதிக்கத் தொடங்கிவிட்டது. பரப்பி ஆறவிட்டுத் தின்னக் கொடுப்போம் என்று நினைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். பக்கத்து வீட்டார் அன்போடு தரும் புற்றரை வெட்டிய தூளும் அப்படித்தான். மெல்லாமல் வாரி விழுங்கும்; வயிற்றில் பொங்கும்.

தவிட்டைப் பற்றி இங்கே ஒரு நம்பிக்கை வேரூன்றிப் போயிருக்கிறது: வாரத்துக்கு ஒருநாள் ஊறவைத்த தவிடு கொடுத்தால் வயிறு சுத்தமாகும் என்று. நுண்ணுயிர்களுக்கு அது திடீர்த் தீனி மாற்றம், அவ்வளவுதான். தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் குறைவு. நேப்பியர், சீ.ஓ. மூன்று போன்ற புற்களில் உள்ள ஒக்சலேற்று இருக்கும் கல்சியத்தையும் உறிஞ்சவிடாது. இரண்டையும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுத்த குதிரைகளின் முக எலும்பு வீங்கிப்போகும். அது தனிக் கதை. தவிட்டை அடிப்படைத் தீனியாக்காதீர்கள் என்பதற்காக மட்டும் சொன்னேன். உடல் எடையில் 1.5 முதல் 2 வீதம், உலர்நிலைக் கணக்கில், புல்லோ உலர்புல்லோதான் அடிப்படை. தானியம் தேவையென்றால் ஒரு வேளைக்கு 2 கிலோவுக்கு மேல் வேண்டாம்; மட்டக்குதிரைக்கு அதிலும் பாதிக்குக் கீழே. எந்த மாற்றமும் 10 முதல் 14 நாளில், கொஞ்சம் கொஞ்சமாக.

பிறகு விடுமுறை. சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் லாயத்தில் வேலை செய்பவர்கள் மலையகத்துக்கு வீட்டுக்குப் போவார்கள், போகத்தான் வேண்டும். ஒரு சித்திரையில் ஐயா இல்லாதபோது காலைத் தீனி நான் வந்துசேரப் பிந்திவிட்டது. இரக்கப்பட்டு மாலையில் இரட்டைப் பங்கு வைத்தேன். இரவு பத்து மணிக்கு எங்கள் ஆண் குதிரை விலாவைப் பார்த்து நின்றான். அந்த முறை வாயு மட்டுமே; நள்ளிரவுக்குள் தீர்ந்தது. தவறிய வேளையை ஈடு செய்யக்கூடாதென்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது விடுமுறைக்கு ஒரு கிழமை முன்பே ஒவ்வொரு வேளைத் தீனியையும் நிறுத்துப் பையில் கட்டி, நாளும் நேரமும் எழுதி வைத்துவிட்டுத்தான் ஐயா ஊருக்குப் போகிறார்.

தண்ணீர் வெட்டு நாட்களுக்கு 200 லீற்றர் பீப்பாய் ஒன்று எப்போதும் நிரம்பியிருக்கட்டும். நெடுந்தீவில் வரட்சி வரும் ஆண்டுகளில் அங்கே திரியும் குதிரைகள் தண்ணீரின்றிச் சாகும் செய்தியை நாமெல்லாம் வாசிக்கிறோம். நம் லாயத்துக் குதிரை குழாய் வராத ஒரு பகலில் அதே பாதையில் முதலடி வைக்கிறது. வியர்க்கும் குதிரைக்கு நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி சாதாரண உப்பைத் தீனியில் கலந்தால் தாகம் எடுத்துக் குடிக்கும்.

பல்லையும் பூச்சியையும் வருடந்தோறும் பார்க்க வேண்டும். மென்ற புல் உருண்டையாக வாயிலிருந்து விழுந்தால் பல் கூராகிவிட்டது. பூச்சி மருந்துக்கு எடை தெரிய வேண்டும்: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ வரும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் 323 கிலோ. குட்டிகளுக்கு மட்டும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நிறைய உருண்டைப்புழு ஒரேயடியாகச் செத்தால் அவையே குடலை அடைக்கும்.

கொலிக் இல்லாத வேறு சில

மூக்கிலிருந்து பச்சை நீரும் எச்சிலும் வடிய, கழுத்தை நீட்டி இருமினால், அது தொண்டைக்குழாயில் தீனி சிக்கியது. தீனி, தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டுத் தலையைத் தாழ்த்தி நிற்கவிட்டு வைத்தியரை அழையுங்கள்.

வளர்ந்த குதிரைக்குத் தண்ணீராகக் கழிச்சல், கூடவே காய்ச்சல் என்றால் அதுவும் அவசரம்தான். ஒரே நாளில் உடம்பு வற்றிவிடும். சல்மொனெல்லாவாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். குதிரையைத் தனியாக நிறுத்துங்கள், வாளியும் மண்வெட்டியும் தனி, கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள், பிள்ளைகளை விடாதீர்கள்.

மன்னாரிலிருந்து கழுதை கொண்டுவந்து வைத்திருப்பவர்களும் உண்டு. கழுதை வலியைக் காட்டாது. தீனியை விட்டுச் சோர்ந்து நின்றாலே குதிரை புரள்வதற்குச் சமம் என்று எடுங்கள். கழுதையும் கொழுத்த மட்டக்குதிரையும் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் கொழுப்பு ஏறி ஈரலைக் கெடுக்கும். எனவே தீனியை நிறுத்தியதும் எப்போது திரும்பத் தொடங்குவது என்று அன்றே கேளுங்கள்.

பிழைத்தபின்

வைத்தியர் சரியென்றபின், முதல் நாள் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி நனைத்த புல். அடுத்த நாள் இரண்டு கைப்பிடி. தானியம் குறைந்தது மூன்று நாளைக்கு இல்லை. அடைப்பு வந்த குதிரைக்கு இன்னும் தாமதமாக. கயிற்றில் பிடித்து நடத்தி, நல்ல புல் நிற்கும் இடத்தில் பத்து நிமிடம் மேயவிடுவது குடலுக்கும் மனத்துக்கும் நல்லது. தானியம் அளவுமீறித் தின்றதால் வந்த நோயென்றால், அல்லது கழிச்சல் வந்திருந்தால், மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் நான்கு குளம்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடும், குளம்புக்கு மேலே துடிக்கும் நாடியும், முன்னங்காலை ஊன்றத் தயக்கமும் தெரிந்தால் குளம்பு அழற்சி தொடங்குகிறது. இரவென்று பார்க்காமல் அழையுங்கள்.

பலகையில் லத்திக் கணக்கு இரண்டு வாரம் தொடரட்டும். எங்கள் பெட்டைக் குதிரைக்கு முதல் நாள் ஒன்று, அடுத்த நாள் மூன்று, பிறகு ஐந்து, ஐந்து, ஏழு. எட்டைத் தொட்ட அன்று காலை ஐயா வெண்கட்டியை வைத்துவிட்டு, அவளுடைய பழைய அளவுப் புல்லை முதன்முறையாக முழுதாகக் கட்டிக்கொண்டு வந்தார்.